நிறை எழுத வேண்டிய இடத்தில்

அன்று காலை பெட்டி அறையில் இருந்தவர்கள்: தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா. பெட்டி அடிக்கிற அந்தோணி. சிங்களக்கார லொறி டிரைவர் பியசேன. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லாயி அக்கா. ஒரு கையை இடுப்பிலும் மறு கையைக் கதவு நிலையிலும் வைத்தபடி வாசலில் என் மனைவி பாக்கியம். மைச் சட்டியும் மை தொடுகிற பிரஸ்ஸுமாக நான்.

ஆறு பேர். பாக்கியத்தின் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஏழு. சேர்க்கத்தான் வேண்டும். அன்று நடந்ததெல்லாம் அந்த ஏழாவது ஆளால்தான்.

ஆறு பேரும் ஒரு தேயிலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்டி நிறைந்து, மூடி அறைந்து, ஓரங்களுக்குத் தகரப் பட்டி அடித்து, கொழும்புக்குப் போகத் தயாராக நின்றது. அதன் பக்கவாட்டில், நிறை எழுத வேண்டிய இடத்தில், கறுப்பு மையில், என் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. நிறை இல்லை.

"என்னடாப்பா இது?" என்றார் டீமேக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். அன்று அடிமட்டத்தில் இருந்தது. "நிறை எங்கை?"

நான் பிரஸ்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அந்தோணி குனிந்து பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி பெட்டியைப் பார்த்தான். "மச்சான், இது நீ பலகத் துண்டுல கிறுக்கி ஊட்டுக்குக் கொண்டு போற சாமான்ல?" என்றான்.

வெளியே லொறி உறுமிக்கொண்டு நின்றது. பாக்கியத்துக்கு வலி கண்டிருந்தது. ஹட்டன் பாதையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக அந்த ஒரு லொறியை விட்டால் வேறு வழியில்லை. இந்தப் பெட்டி ஏறாமல் அந்த லொறி நகராது.

நான் எழுதிய மூன்று வரி என் பெண்டாட்டியை மறித்துக்கொண்டு நின்றது.

தகடு இல்லாத எழுத்து

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைப் பக்கம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மலையில் பறித்த கொழுந்து அங்கே வாடி, அரைபட்டு, காய்ந்து, சலித்து, கடைசியில் பெட்டி அறைக்கு வரும். அங்கே பெட்டிகளுக்கு எழுத்துப் போடுகிறவன் நான்.

தோட்டத்தின் பெயருக்கும் தேயிலையின் தரத்துக்கும் தகடு உண்டு. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்து மையைத் தடவினால் எழுத்து விழும். அந்த இங்கிலீசு எழுத்துகள் எனக்குப் படம் மாதிரிதான். தகட்டில் இருந்தவற்றைத் தவிர வேறு இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாது.

நிறைக்கு மட்டும் தகடு கிடையாது. பெட்டிக்குப் பெட்டி அது மாறும். அதைக் கையால் எழுத வேண்டும். மூன்று வரி. மேல் வரி மொத்த நிறை. நடு வரி வெறும் பெட்டியின் நிறை. கடைசி வரி, பெட்டியைக் கழித்தால் மிச்சமிருக்கும் தேயிலையின் நிறை.

காலையிலிருந்து சங்கு ஊதும்வரை நான் எழுதியது இந்த மூன்று வரியைத்தான். மொத்தம், கழிவு, மிச்சம். மொத்தம், கழிவு, மிச்சம்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு முடித்ததும் அப்பா செத்துப்போனார். மறு மாதம் என் பெயரைப் பெரட்டில் பதிந்தார்கள். பெரட்டு என்றால் விடிகாலையில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிக்கிற இடம். பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பதிவேடான இடாப்பிலிருந்து பெரட்டு இடாப்புக்கு மாறினேன். அவ்வளவுதான் என் படிப்பு. கையெழுத்து குண்டு குண்டாக இருந்ததால் பிறகு பெட்டி அறை கிடைத்தது.

பெட்டியின் ஒரு பக்கத்தில் நாட்டின் பெயரும் தகட்டில் விழும். அதைத் தடவும்போதெல்லாம் எனக்குள் ஒரு கவலை முளைக்கும். பெட்டிக்கு நாடு எழுதியாயிற்று. எங்களுக்கு? தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று சொல்லி, அந்தக் காகிதம் இந்தக் காகிதம் என்று எங்களை அலைய விட்டிருந்த காலம். பிறக்கப்போகிற பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்று யாரைக் கேட்பது?

பாக்கியத்திடம் கேட்டால், "மொதல்ல புள்ள வரட்டும். வந்து அதுவே சொல்லும்" என்பாள்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், ஓடாத பாம்புக்கும் ஒதுங்கி நிற்கிறவன் நான். போன வாரம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக் கூரை பறந்த கதையை எழுதியிருந்தேன். அதில் கூரை பறந்தது ஒரு நாள். அது பறக்குமென்று நான் பயந்தது ஒரு வருஷம்.

ஜப்பான்காரன் பலகை

பெட்டி செய்யும் பலகைகள் கட்டுக் கட்டாக வரும். சில கட்டுகள் ஜப்பானிலிருந்து வரும் என்பார் டீமேக்கர் ஐயா. மெல்லிய பலகை. பிரித்தால் ஒரு வாசனை அடிக்கும், ஈர மரமும் கஞ்சியும் கலந்த மாதிரி.

ஒரு நாள் கட்டைப் பிரித்த அந்தோணி, "மச்சான், இங்க பாரு, எவனோ கோழி காலால எழுதியிருக்கான்" என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினான்.

பலகையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மேலிருந்து கீழாக, சின்னச் சின்னதாக மூன்று கோடு எழுத்து. அதற்குமேல் ஒன்றுமில்லை.

டீமேக்கர் ஐயாவிடம் காட்டினேன். "ஜப்பான்காரன்ரை எழுத்து. எனக்கென்ன தெரியும்? போய் வேலையைப் பார்" என்றார்.

அன்று முழுக்க அது என் மண்டைக்குள் இருந்தது. என்னைப் போல ஒருவன், அங்கே பலகை அடுக்குகிறவன், ஏன் மூன்று வரியோடு நிறுத்தினான்? கணக்காக இருக்கலாம். யாருக்கோ வசவாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கென்னவோ அவன் பெண்டாட்டியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தோன்றிவிட்டது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால், அந்த மாதங்களில் எனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றியது.

பாக்கியத்துக்கு அப்போது நாலாம் மாதம்.

அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை லயத்து அறையான காம்பராவிலேயே பிறந்தது. ஆண். அழவில்லை. அதைப் பற்றி நான் இந்தத் தொடரில் எழுதவில்லை, இனியும் எழுதப்போவதில்லை. மருத்துவிச்சி போகும்போது ஒன்று சொன்னாள்: "அடுத்த தடவ காம்பராவுல வச்சுக்கிறாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாதங்களைக் கடந்தேன். பகலில் பிடித்துக்கொள்ள இன்னும் ஒன்று தேவைப்பட்டது. உடைந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, பென்சிலால் மூன்று வரி எழுதினேன்.

ரெண்டாய்ப் பிட்ட ரொட்டி
பெரிய பாதி அவளுக்கு
திரும்பவும் என் தட்டில்

எழுதி முடித்ததும் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. கவலையை மூன்று வரிக்குள் அடைத்தால், மூடி அறைந்த பெட்டி மாதிரி அது ஒரு மூலையில் நிற்கும் என்று கண்டுகொண்டேன்.

வரிக்கு ஐந்து சதம்

பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை கேட்டால் மறக்காது. சாயங்காலம் அடுப்பின்முன் உட்கார்ந்து பலகைத் துண்டைப் படித்துக் காட்டுவேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி கேட்பாள்.

"இந்த லயத்துக் காட்டுக் கத்தலுக்கு நடுவுல இது ஒண்ணுதான் கொறச்சல்" என்பாள். அப்புறம், "இன்னொருவாட்டி படிங்க" என்பாள்.

ஒரு மழை நாளில் இப்படி எழுதியிருந்தேன்:

மழை ராத்திரி
தகரத்துக்குக் கீழே
மூணு பேர் மூச்சு

"மூணாவது ஆளு மூச்சு விடுதா?" என்றாள்.

"ஏன்?"

"வயித்துக்குள்ள இருக்கிறது எங்க மூச்சு விடும்? ஒதைக்கத்தான் செய்யும். ரெண்டு மூச்சு, ஒரு ஒதைன்னு எழுதுங்க."

எழுதிப் பார்த்தேன். என்னுடையது செத்தே போனது. அவளுடையது எழுந்து நின்றது.

மழை ராத்திரி
தகரத்துக்குக் கீழே
ரெண்டு மூச்சு, ஒரு உதை

"நல்லாருக்குல்ல?" என்றாள். "சும்மா இல்ல. கொழுந்துக்குக் கூலி இருக்கு, செடி வெட்டுற கவ்வாத்துக்குக் கூலி இருக்கு. இதுக்கும் கூலி போட்டுருங்க. வரிக்கு அஞ்சு சதம்."

"சரி, எழுதி வச்சுக்கிறேன்."

"நீங்க ஒண்ணும் எழுதி வைக்க வேணாம். எனக்கு நெனப்பிருக்கும்."

அப்படி ஆரம்பித்தது எங்கள் கூட்டு வியாபாரம். இருவருக்கும் போதாத கறுப்புக் கம்பளியைப் பற்றி எழுதினேன். காலையில் கூடைக் கயிறு தலையிலும் ஒரு கை வயிற்றிலுமாக அவள் மலையேறுவதைப் பற்றி எழுதினேன். அடுப்பு மண்ணை அவள் திருட்டுத்தனமாகத் தின்றதைப் பற்றி எழுதினேன்.

அடுப்பில் ஒரு மூலை
நேற்றைவிடச் சிறிசு
கேட்டால் சிரிக்கிறாள்

"சிரிக்கிறாள்னு போட்டா நான்தான் தின்னேன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்" என்று அதை மாற்றச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். அந்த ஒரு வரியில்தான் நான் ஜெயித்தேன்.

மடுவத்துத் தராசு

ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் வெறும் சாக்கு எடுக்கப் போயிருந்தேன்.

தராசில் பாக்கியத்தின் கூடை ஏறியது. கணக்கப்பிள்ளை நிறையைக் கூவினார். பிறகு கூடைக்கென்று கழித்தார். பிறகு ஈரத்துக்கென்று இன்னும் கொஞ்சம் கழித்தார். அன்று வெயில்.

"ஐயா," என்றாள் பாக்கியம், "அடுத்ததா என்னையும் தூக்கி வச்சு நிறுத்துப் பாருங்க. எனக்கு எம்புட்டுக் கழிப்பீங்கன்னு பாப்போம்."

வரிசையே சிரித்தது. கணக்கப்பிள்ளைக்குக்கூட உதடு கோணியது. நான் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வயிற்றைப் பார்த்தேன். கழித்துவிடுவார்களோ என்ற பயம். போன தடவை கழிந்துதானே போனது.

அன்று சாயங்காலம் படித்துக் காட்டினேன்:

கொழுந்து நிறுத்தாச்சு
கூடை கழிச்சாச்சு
மிச்சம் என்னாகுமோ

பாக்கியம் ரொட்டியைத் திருப்பவில்லை. அது கருகுகிற வாசனை வந்தது.

"ஏங்க, இது பாட்டா, ஒப்பாரியா?"

"இல்ல, போன தடவ நடந்தத நெனச்சு…"

"நான் மட்டும் நெனைக்காம இருக்கேனா?" என்றாள். இத்தனை மாதத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அதுதான். கருகின ரொட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்: "கடைசி வரிய அழிங்க. மிச்சம் எம் புள்ள. அப்புடி எழுதுங்க."

எழுதினேன். அவ்வளவு தைரியமான வரியை அதற்கு முன்னால் என் கை எழுதியதில்லை.

"எடம் கெடக்கு"

அந்த வரிதான் இப்போது பெட்டிமேல் இருந்தது.

எப்படி நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. விடிகாலையில் பாக்கியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்குப் போகமாட்டேன் என்றேன். "இங்க நின்னு என்னா செய்யப் போறீங்க? ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு வலி கூடுது. போங்க. லொறி கெளம்பும் முன்ன வந்துர்றேன்" என்று விரட்டினாள். தேயிலை லொறி ஹட்டன் ரயிலடிக்குப் போகிற நாள் அது. தோட்டத்தை நடத்துகிற துரையும் பங்களாவில் இல்லை, கண்டிக்குப் போயிருந்தார். அவர் இல்லாமல் டெலிபோனும் இல்லை, வேறு வண்டியும் இல்லை.

பெட்டி அறையில் உடம்பு வேலை செய்தது, புத்தி லயத்தில் இருந்தது. கடைசிப் பெட்டி தராசை விட்டு இறங்கியது. மூன்று வரி எழுத வேண்டும். மொத்தம், கழிவு, மிச்சம். கை எழுதியது. வேறு மூன்று வரியை எழுதிவிட்டது. நிறை எவ்வளவு என்பதும் மறந்துவிட்டது.

"ஆரைக் கேட்டு எழுதினனீ?" என்றார் டீமேக்கர் ஐயா. "ஒரு பெட்டியிலை பிழை இருந்தாலும் ஏலத்துக்கு எடுக்கமாட்டாங்கள், முழுக்கத் திரும்பி வரும். அந்தோணி, இதைச் சீவித் தள்ளு. பிறகு திருப்பி நிறுத்து எழுதிப்போட்டு ஏத்தலாம்."

"மை ஊறிருச்சுங்க ஐயா. சீவுனா பலக ஓட்ட விழும்" என்றான் அந்தோணி. "பலகையே மாத்தணும். பெட்டியப் பிரிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் ஆகும்ங்க."

செல்லாயி அக்கா வாசலிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். "மத்தியானமா? இவ மத்தியானம் வரைக்கும் தாங்குவாளா? ஐயா, புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு பெட்டியப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிறீங்களே!"

"தேயிலை லொறியிலை பொம்பிளையளை ஏத்தக்கூடாது எண்டு தெரியுமெல்லோ?" என்றார் அவர். ஆனால் குரல் முன்போல இறங்கி இருக்கவில்லை.

பாக்கியம் உள்ளே நடந்து வந்தாள். பெட்டியின் மூடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். வலி வந்தது. பல்லைக் கடித்தாள். பெட்டி கிறீச்சிட்டது. வலி போனது. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "என்னா எழுதியிருக்கு, படிங்க ஐயா" என்றாள்.

டீமேக்கர் ஐயா கண்ணாடியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். படித்தார்.

கொழுந்து நிறுத்தாச்சு
கூடை கழிச்சாச்சு
மிச்சம் எம் புள்ள

படித்துவிட்டு, யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றாள் பாக்கியம். "இத ஏன் சீவணும்? நெறைக் கணக்க இதுக்குக் கீழ எழுதிக்கலாமே ஐயா. எம்புட்டு எடம் கெடக்கு."

எல்லாரும் அந்த வரிகளுக்குக் கீழே பார்த்தோம். இடம் கிடந்தது. நாங்கள் ஒருவரும் அதைப் பார்க்கவேயில்லை.

டீமேக்கர் ஐயா அந்த இடத்தை விரலால் அளந்து பார்த்தார். அவருக்கும் மேலே துரை இருந்தார் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பிறகு, "தூக்கு" என்றார்.

அந்தோணியும் பியசேனவும் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். அவரே முள்ளைப் பார்த்தார். நான் பிரஸ்ஸை மையில் தோய்த்தேன். மை தரையெல்லாம் சொட்டியது. அவர் என் கையிலிருந்து பிரஸ்ஸை வாங்கிக்கொண்டார். குந்தி உட்கார்ந்து, வெள்ளைக் காற்சட்டையில் மை பட, எங்கள் மூன்று வரிக்குக் கீழே தன் கையாலேயே மூன்று வரி எழுதினார். மொத்தம். கழிவு. மிச்சம்.

பெட்டி லொறியில் ஏறியது. பாக்கியமும் செல்லாயி அக்காவும் முன்னால் ஏறினார்கள். டீமேக்கர் ஐயா லொறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நான் பெட்டியளைத்தான் எண்ணினனான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஆக்களை எண்ணேல்லை."

தட்டுகிற சத்தம்

முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். நான் பின்னால், மழைக்கு மூடுகிற படங்குக்கு அடியில், பெட்டிகளுக்கு நடுவில்.

ஏறும் முன் பாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பின்னால குந்திக்கிட்டு உசுர விட்டுறாதீங்க. நான் முதுகுப் பக்கம் பலகையில தட்டுறேன். தட்டுற சத்தம் கேட்டா நான் நல்லாருக்கேன்."

பொகவந்தலாவையிலிருந்து இறங்குகிற பாதையைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. பாதை வளைகிற ஒரு முடக்கில் இடது பக்கம் இருந்த மலை அடுத்த முடக்கில் வலது பக்கம் இருக்கும். படங்கின் கிழிசல் வழியாகப் பனி உள்ளே வந்தது.

டொக் டொக் என்றது பலகை. மூச்சு விட்டேன்.

இன்னொரு முடக்கு. டொக் டொக்.

என் எதிரே அந்தப் பெட்டி. மை இன்னும் காயவில்லை. பாதை குலுங்கும்போது எழுத்தும் குலுங்கியது.

பிறகு ஒரு பாலம் வந்தது. பாலத்துக்குப் பிறகு ஒரு முடக்கு. சத்தமில்லை. அடுத்த முடக்கு. சத்தமில்லை. பலகையில் காதை வைத்தேன். எஞ்சின் சத்தம் மட்டும்.

இரண்டு கையாலும் பலகையில் அறைந்தேன். "பாக்கியம்! பாக்கியம்!"

லொறி கிறீச்சிட்டு நின்றது. பெட்டிகள் என்மேல் சரிந்தன. பியசேன இறங்கிப் பின்னால் ஓடி வந்தான். "மொகத மல்லி? என்ன தம்பி? பெட்டி விழுந்ததா?"

முன்னாலிருந்து பாக்கியத்தின் குரல் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. "நிப்பாட்டாதீங்க அண்ணே! பெட்டியும் விழுகல, ஒண்ணும் விழுகல! அது அவரு பயம்! நீங்க ஓட்டுங்க!"

வலி வந்து இரண்டு கையாலும் செல்லாயி அக்காவைப் பிடித்திருந்தாளாம். தட்டக் கை இல்லை.

பியசேன என் தோளில் தட்டினான். "பய வேணாங் மல்லி. நங்கிக்கு, தங்கச்சிக்கு ஏசுற அளவு பலம் இருக்குத்தானே? அப்ப நல்லம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினான்.

அதற்குப் பிறகு பலகை தட்டப்படவில்லை. தட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் என்னை ஏசிக்கொண்டே வந்தாள். இன்றுவரை நான் கேட்ட சங்கீதங்களில் அதற்கு மேலானது இல்லை.

துணி கழித்து

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். செல்லாயி அக்கா கூட ஓடினாள். பியசேன ரயிலடிக்குப் போக வேண்டும். லொறி திரும்பும்போது படங்கு விலகி, எங்கள் பெட்டி ஒரு கணம் தெரிந்தது. மூன்று வரியும் அதன் கீழே மூன்று வரியும். பிறகு லொறி போய்விட்டது.

நான் விராந்தையில் நின்றேன். நினைக்காததில்லை. நினைத்த எல்லாவற்றையும் இங்கே எழுதினால் ஆசிரியர் இன்னும் நாலு பக்கம் ஒதுக்க வேண்டிவரும்.

அதிக நேரம் ஆகவில்லை. உள்ளேயிருந்து ஒரு அழுகை வந்தது.

மெல்லிய அழுகை இல்லை. கோபமான அழுகை. யாரையோ பேர் சொல்லி ஏசுகிற மாதிரி. ஆயாவும் இல்லாமல், நர்ஸும் இல்லாமல், யாரும் வந்து சொல்லாமலே அது யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நர்ஸ் கதவைத் திறந்து, "கெல்லெக்!" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொம்புள புள்ள" என்றாள்.

கதவு திறந்திருந்தது. மேசைமேல் ஒரு தராசு. துணியில் சுற்றிய ஒன்றை அதில் வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி முள்ளைப் பார்த்துச் சொன்னாள்: "துணியோட ஆறே முக்கா றாத்தல். துணி கழிச்சா ஆறரை."

ஆறரை, ஆறரை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு என்னை உள்ளே விட்டார்கள். பாக்கியம் சுருண்டு படுத்திருந்தாள். முகம் வெளுத்து, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அந்த ஆறரை றாத்தல், சிவப்பாக, முஷ்டியை மடக்கிக்கொண்டு.

"எம்புட்டு நெற?" என்றாள்.

"ஆறே முக்கா. துணி கழிச்சு ஆறரை."

"கால் றாத்தலா கழிச்சாங்க அந்தத் துணிக்கு?" என்றாள். "இங்கயும் கணக்கப்பிள்ளை இருக்காரா?"

நான் சிரித்தேன். அந்த ஒன்பது மாதத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். அவளிடமும் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன்.

கப்பல் ஏறியது

வேலைக்குத் திரும்பிய அன்று டீமேக்கர் ஐயா ஒன்றும் கேட்காமல் என்னைக் கடந்து போனார். போனவர் திரும்பி வந்தார்.

"என்ன பிள்ளை?"

"பொட்டப் புள்ளைங்க ஐயா. ஆறரை றாத்தல்."

"நல்ல நிறை" என்றார். பிறகு குரலை இறக்கி, ஆனால் கோபமில்லாமல், "கொழும்பிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பெட்டி ஏலத்திலை போயிட்டுது. கப்பலும் ஏறியிருக்கும்" என்றார். "அந்த மூண்டு வரியையும் ஒருக்காச் சொல்லு, பாப்பம்."

சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சலிக்கும் அறைப் பக்கம் போய்விட்டார்.

எந்தத் துறைமுகத்தில், எந்த வெள்ளைக்காரன் அந்தப் பெட்டியை உடைத்தானோ. அதிலுள்ள எழுத்தைக் கோழிக் காலென்று சொல்லியிருப்பான். சொல்லட்டும். தோட்டத்து இடாப்பைத் தாண்டி எங்கள் பெயர் எங்கேயும் இல்லாத அந்த நாளில், என் பெண்டாட்டி சொன்ன வரி கடல் தாண்டிப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் நான் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

பிறந்தவளுக்கு சரோஜா என்று பேர் வைத்தோம். அவள் எந்த நாட்டுப் பிள்ளை என்பது தீர வெகு காலமாயிற்று. ஆனால் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு நிறுத்தவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துகிறாள். இந்தத் தொடரை வாரா வாரம் அவள்தான் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறாள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விடுமுறையில், பரணில் கிடந்த பலகைத் துண்டுகளை எடுத்துப் படித்துவிட்டு, "அப்பா, ஜப்பான்ல இப்படி மூணு வரியில எழுதுவாங்க. ஹைக்கூன்னு பேரு" என்றாள்.

நான் அந்தப் பென்சில் எழுத்தை நினைத்துக்கொண்டேன். அது பாட்டா, பலகைக் கணக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே அவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

"பேரு வச்சது சரி" என்றாள் பாக்கியம் முறத்தை விட்டுத் தலையைத் தூக்காமல். "என் காசு என்னாச்சு?"

"என்னா காசு?"

"வரிக்கு அஞ்சு சதம். ஒண்ணாச்சும் குடுத்தீங்களா?"

மனசுக்குள்ளேயே கூட்டினாள். உதடு அசைந்தது. சொன்னாள்.

"பெட்டியில போன வரியும் சேத்தா?" என்று கேட்டேன்.

"அது சேராது" என்றாள். "அது புள்ளைக்குச் சொன்னது. அதுக்கு யாருகிட்டயும் காசு வாங்கப்படாது."

இதை எழுத உட்காரும் முன், இன்று காலை மறுபடி கேட்டேன். மாறவில்லை. அந்த ஒரு வரியைக் கழித்து, நான் அவளுக்கு இன்னும் தர வேண்டியது நாலு ரூபாய் முப்பத்தைந்து சதம்.